ரிப்பேர் செய்கிற காசுக்குப் புதுசே வாங்கிடலாம் என்பவர்களுக்கு



போன வாரம் நான் ஒரு படம் போட்டிருந்தேன். ஏழு அடுக்குக் கட்டைகளும், சுற்றிலும் நூற்றுக்கணக்கான வண்ணப் பொத்தான்களுமாக ஒரு பிரம்மாண்டமான மேஜை. அதன் அருகில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நான். "அட்லாண்டிக் சிட்டியில் ஆர்கன் கச்சேரி கேட்டேன். பழைய கருவியைச் சீர்செய்ய நிதி திரட்டுகிறார்கள். என்னால் முடிந்தது 20 டாலர் போட்டேன்" என்று மூன்று வரி எழுதியிருந்தேன். நூற்றுக்கும் மேல் லைக் வந்தது. சந்தோஷம். ஆனால் கீழே வந்த கமெண்டுகளைப் படித்துவிட்டு இரண்டு ராத்திரி எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

1998 பேட்ச் பையன் ஒருவன்: "டீச்சர், அட்லாண்டிக் சிட்டி போய் கேசினோவுல எவ்வளவு ஜெயிச்சீங்க?" போகட்டும், குறும்பு. இன்னொருவன், சென்னையில் கம்ப்யூட்டர் வேலை: "இந்த சவுண்ட் எல்லாம் இப்ப ஆப்லயே வந்துடும் டீச்சர். எதுக்கு வீண் செலவு?" மூன்றாவது என் சொந்தத் தம்பி: "அக்கா, அந்தக் காசில் எத்தனை ஏழைப் பிள்ளைகளுக்குச் சோறு போடலாம்?" அதற்கு மட்டும் 46 லைக். நான் பாடம் நடத்திய பிள்ளைகளே அதில் முக்கால்வாசி.

கமெண்டுக்குள் பதில் எழுதினால் இடம் போதாது. அதனால் தனியாகவே எழுதுகிறேன். பொறுமையாகப் படியுங்கள். முன்பு பாடத்தைப் பாதியில் விட்டு எழுந்து போனதுபோல் போய்விடாதீர்கள்.

முதலில், நான் பார்த்தது என்ன என்று சொல்லிவிடுகிறேன்.

அட்லாண்டிக் சிட்டி நியூ ஜெர்சியில் கடலோரம் இருக்கிற ஊர். கடற்கரை நெடுக மரப்பலகையால் போட்ட நடைபாதை. அதன்மேல் 1929ல் திறந்த ஒரு பெரிய அரங்கம், போர்டுவாக் ஹால். 1964ல் ஜனநாயகக் கட்சியின் மாநாடு நடந்து லிண்டன் ஜான்சனை அதிபர் வேட்பாளராக அறிவித்தது இங்கேதான். அதே ஆகஸ்ட் மாதம் பீட்டில்ஸும் இங்கே பாடினார்கள். இந்த அரங்கத்தின் சுவர்களுக்குப் பின்னால் எட்டு அறைகளில் ஒரு பைப் ஆர்கன் ஒளிந்திருக்கிறது. 33,000க்கும் மேற்பட்ட குழல்கள். உலகத்திலேயே மிகப் பெரிய ஆர்கன் அதுதான்.

வரைந்தவர் எமர்சன் ரிச்சர்ட்ஸ். வழக்கறிஞர், நியூ ஜெர்சி செனட்டர். கட்டியது மிட்மர் லாஷ் என்ற கம்பெனி. 1929ல் தொடங்கி 1932ல் முடித்தார்கள். மிக நீளமான குழல் 64 அடி, ஆறு மாடி உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சின்னக் குழல் பென்சிலை விடச் சிறியது. அதே கட்டடத்தின் நடன மண்டபத்தில் இன்னொரு ஆர்கன், சிகாகோ கிம்பால் கம்பெனி செய்தது. அது அசல் தியேட்டர் ஆர்கன். பேசாத படம் ஓடிய காலத்தில் திரைக்குப் பின்னணி இசைக்க உருவான வகை.

தியேட்டர் ஆர்கன் என்றால் என்ன என்று பலர் கேட்டிருந்தீர்கள். பேசாத படத்துக்கு ஊர் ஊராக வாத்தியக் கோஷ்டி வைத்துச் சம்பளம் கொடுக்க முடியாது. ராபர்ட் ஹோப் ஜோன்ஸ் என்ற ஆங்கிலேயர், டெலிபோன் கம்பெனியில் மின்சார வேலை பார்த்தவர், ஒரே ஆள் உட்கார்ந்து முழு வாத்தியக் கோஷ்டியின் வேலையையும் செய்யக்கூடிய ஆர்கனை வடிவமைத்தார். 1910ல் அமெரிக்காவின் வுர்லிட்சர் கம்பெனியில் சேர்ந்தார். குழல்களோடு மத்தளம், மணி, சைலபோன், ரயில் ஊதல், பறவைச் சத்தம் வரை எல்லாம் ஒரே மேஜையிலிருந்து இயங்கும். அந்த ஒரு கம்பெனி மட்டும் 2,000க்கும் மேற்பட்ட தியேட்டர் ஆர்கன்கள் செய்தது. 1927ல் 'தி ஜாஸ் சிங்கர்' பேசிவிட்டது. சில வருஷங்களில் ஆர்கன் வாசித்தவர்கள் வேலை இழந்தார்கள். கருவிகள் தூசி படிந்தன, பாகம் பாகமாக விற்கப்பட்டன, கட்டடத்தோடு சேர்ந்து இடிபட்டன. மிஞ்சியவை கொஞ்சம்.

நான் கேட்டது பகல் 12 மணிக் கச்சேரி. கோடையில் வார நாட்களில் நடக்கிறது, அரை மணி நேரம், டிக்கெட் கிடையாது. அவ்வளவு பெரிய அரங்கத்தில் நூறு பேர்கூட இருக்க மாட்டோம். வாசித்தவர் தூரத்தில் ஒரு புள்ளிபோலத் தெரிந்தார். முதலில் புல்லாங்குழல் போல மெல்லிசாக ஒன்று, இடது பக்கச் சுவரிலிருந்து. அதற்கு வலது பக்கத்திலிருந்து ஒரு பதில். பிறகு தாழ்ந்த சுரம் ஒன்று வந்தது பாருங்கள், சத்தம் காதுக்கு வருவதற்கு முன்னால் நாற்காலி அதிர்ந்தது. மாப்பிள்ளை சட்டென்று என் கையைப் பிடித்துக்கொண்டார். பேத்தி "பாட்டி, பில்டிங் பாடுது" என்றாள். அதைவிடச் சரியாக என்னால் சொல்ல முடியாது.

இப்போது கமெண்டுகளுக்கு வருகிறேன்.

ஆப்பில் வந்துவிடும் என்ற பிள்ளைக்கு: தம்பி, உனக்கு அறிவியல் பாடமும் நான்தானே எடுத்தேன். நம் காதுக்கு நொடிக்கு சுமார் 20 அதிர்வுக்குக் கீழே சத்தமாகக் கேட்காது. 64 அடிக் குழலின் அடிச் சுரம் நொடிக்கு சுமார் 8 அதிர்வு. அது காதுக்கு வருவதில்லை, நெஞ்சுக் கூட்டுக்கும் நாற்காலிக்கும் வருகிறது. உன் போனின் ஸ்பீக்கர் பொரிகடலை அளவு. அதில் அந்தச் சுரம் எப்படி வரும்? எட்டு திசையிலிருந்து காற்று வந்து மோதுவது எப்படி வரும்?

சரி, நாளைக்கே ஒரு பெரிய ஸ்பீக்கர் வந்துவிடும் என்பாய். வரட்டும். அந்த ஆப்பில் இருக்கிற ஆர்கன் சத்தம் எங்கிருந்து வந்தது? எங்கோ ஓர் ஊரில், யாரோ ஒருவர் தோல் மாற்றி, தூசி தட்டி, சுருதி சேர்த்து வைத்திருந்த அசல் கருவிக்கு முன்னால் மைக் வைத்துப் பதிவு செய்ததுதானே? அசலைக் கொன்றுவிட்டு நகலை வைத்துக்கொள்ளலாம் என்கிறாய். விதைநெல்லைக் குத்திச் சாப்பிட்டுவிட்டு, கடையில் அரிசி கிடைக்கிறதே என்று சொல்வதுபோல இருக்கிறது.

இன்னொன்றும் யோசி. கட்டையை அழுத்தினால் மின்சாரம் போய் ஒரு காந்தத்தை இழுக்கிறது. காந்தம் ஒரு சின்னத் தோல் பையிலிருந்து காற்றை வெளியேற்றுகிறது. பை சுருங்கினால் வால்வு திறக்கிறது. குழலுக்குள் காற்று போகிறது. இந்தத் தோல் சில பத்து வருஷங்களில் உலர்ந்து வெடித்துவிடும். ஆயிரக்கணக்கான பைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, புதுத்தோல் வெட்டி, ஒட்டி மாட்ட வேண்டும். அதைத்தான் அங்கே சம்பளக்காரர்களும் தன்னார்வலர்களும் மேஜையில் குனிந்து உட்கார்ந்து செய்கிறார்கள். கருவி மௌனமானால் சத்தம் மட்டுமா போகிறது? இந்தக் கைவேலை தெரிந்த கடைசி ஆளும் போய்விடுவார். அவரை எந்த ஆப்பில் இறக்குவாய்?

யாருமே கேட்பதில்லையே என்று எழுதியவர்களுக்கு: நூறு பேர்தான் இருந்தோம் என்று நானே ஒப்புக்கொண்டேன். ஆனால் அந்தக் கருவி பல வருஷம் ஊமையாகக் கிடந்தது. நூலகத்தைப் பூட்டி வைத்துவிட்டு வாசகர் வரவில்லை என்று கணக்கெழுதுவது நியாயமா? ஊமையாக இருந்தபோது பூஜ்யம். இன்றைக்கு நூறு. அதில் ஒன்று என் ஆறு வயதுப் பேத்தி. அவள் கேட்டதை இன்னும் எழுபது வருஷம் வைத்திருப்பாள்.

இனி என் தம்பிக்கு. இதுதான் கடினமான கேள்வி. ஏழைப் பிள்ளைகளின் பெயரைச் சொன்னால் யாரும் வாயைத் திறக்க முடியாது. 37 வருஷம் ஏழைப் பிள்ளைகளோடுதான் வாழ்ந்தேன். அதனால் வாயைத் திறக்கிற உரிமை எனக்கு உண்டு.

அந்தக் கருவி எப்படிக் கெட்டது என்று தெரியுமா? 1944 செப்டம்பரில் பெரும்புயல். கடல் தண்ணீர் புகுந்து கீழ்த்தளத்தில் இருந்த பாகங்களைக் கெடுத்தது. அதற்குப் பிறகு முழுக் கருவியாக அது ஒலிக்கவே இல்லை. சரி, இயற்கை. யாரைக் குறை சொல்வது? ஆனாலும் ஆர்வலர்கள் விடாமல் உழைத்து, 1998ல் மேடையின் வலப்பக்க அறையை மறுபடி ஒலிக்க வைத்தார்கள். அடுத்து என்ன நடந்தது? அரங்கத்தைப் புதுப்பிக்கிறோம் என்று ஒரு பெரிய வேலை தொடங்கியது. 2001ல் முடிந்தது. சுமார் 9 கோடி டாலர் செலவு. அந்த வேலையில் காற்றுக் குழாய்கள் அறுபட்டன, குழல்கள் நசுங்கின, தூசி உள்ளே போய் அடைத்தது. கடல் கொல்லாமல் விட்டதை மராமத்து முடித்து வைத்தது. கருவி முழுக்க ஊமையாயிற்று.

இப்போது அதையும் மண்டபத்துக் கிம்பாலையும் சீர்செய்ய ஒரு குழு 2004ல் தொடங்கிப் பாடுபடுகிறது. மதிப்பிட்ட செலவு சுமார் 1 கோடியே 60 லட்சம் டாலர். மானியமும் நன்கொடையுமாகச் சேர்க்கிறார்கள். 2013 வாக்கில் கருவி மறுபடி மக்கள் முன் ஒலித்தது. இப்போது பாதிக்கு மேல் ஒலிக்கிறது.

தம்பி, நீ கணக்கில் கெட்டிக்காரன். சுவருக்கும் கூரைக்கும் 9 கோடி செலவானபோது, இந்தப் பணத்தில் எத்தனை பேருக்குச் சோறு போடலாம் என்று எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்? அதே தெருவில் வரிசையாகச் சூதாட்ட விடுதிகள். உள்ளே போகிற பணத்தைப் பார்த்து யாரும் ஏழையை நினைப்பதில்லை. அதில் ஆறில் ஒரு பங்கு போல ஒரு தொகையை, அதே வேலையால் நசுங்கிய கருவிக்குக் கேட்டால் மட்டும் ஏழை ஞாபகத்துக்கு வந்துவிடுகிறார். ஏழைக்குக் கொடுக்கத்தான் வேண்டும். கட்டாயம் கொடு. ஆனால் கொடுக்காமல் இருப்பதற்குச் சாக்காக அவரை இழுக்காதே. பாட்டை நிறுத்தி மிச்சம் பிடித்த காசு ஏழையின் தட்டுக்குப் போனதாக நான் பார்த்ததே இல்லை.

இதை எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்று கேட்பீர்கள். இனிமேல் எழுதப்போவதை இத்தனை வருஷம் யாரிடமும் சொன்னதில்லை.

நம் பள்ளிக்கூடத்து ஆர்மோனியம் ஞாபகம் இருக்கிறதா? காலை வணக்கத்தில் வாசிப்போமே, பழுப்பு நிறப் பெட்டி, மேல் மூடியில் ஒரு கீறல். முதலில் பாட்டு சார் வாசித்தார். அவர் ஓய்வு பெற்றபின் அந்தப் பணியிடம் நிரப்பப்படவே இல்லை. எனக்குத் தெரிந்த கொஞ்சத்தை வைத்து நான் வாசித்தேன். சில பாட்டுக்கு உங்களில் நாலைந்து பேரே வாசித்திருக்கிறீர்கள். துருத்தியின் தோல் வெடித்துக் காற்று கசிய ஆரம்பித்தது. இரண்டு கட்டை ஊமை. டவுனில் ரிப்பேர் செய்கிறவர் வந்து பார்த்துவிட்டு 1,800 ரூபாய் ஆகும் என்றார்.

அந்தச் சமயம்தான் பள்ளிக்குப் புதுக் கட்டடம் வந்தது. பழைய அறைகளைக் காலி செய்ய வேண்டும். பயன்படாத பொருட்களுக்குப் பட்டியல் போடச் சொன்னார்கள். தலைமையாசிரியர் பொறுப்பு அப்போது என்னிடம். உடைந்த பெஞ்சு, கிழிந்த மேப், துருப்பிடித்த மணி, அவற்றோடு "ஆர்மோனியம், 1, பழுது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். 1,800 ரூபாய் கேட்டு மேலே எழுதலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். "பிள்ளைகளுக்கு நோட்டு வாங்கவே காசில்லை, இதற்குப் போய்க் கேட்கிறீர்களா" என்று யாராவது சொல்வார்களோ என்று கூச்சம். கேட்கவே இல்லை. பழைய இரும்போடு எடைக்குப் போயிற்று.

அந்த 1,800 ரூபாயை மிச்சம் பிடித்ததால் எந்தப் பிள்ளைக்கு ஒரு நோட்டு கூடுதலாகக் கிடைத்தது? எந்தத் தட்டில் ஒரு முட்டை அதிகமாக விழுந்தது? ஒன்றுமில்லை. காலை வணக்கத்துக்கு ஸ்பீக்கரில் கேசட் போட்டோம். கேசட் சிக்கிக்கொண்டபின் அதுவும் நின்றது. அதற்குப் பிறகு வந்த பேட்ச் பிள்ளைகளில் யாருக்கும் ஒரு கட்டையை அழுத்தினால் சுரம் வரும் என்று கையால் தெரியாது.

நம் ஆர்மோனியமும் அந்த ஆர்கனின் ஒன்றுவிட்ட உறவுதான். பாரிஸில் தெபான் என்பவர் 1842ல் காப்புரிமை வாங்கிய கருவி. கல்கத்தாவில் துவாரகாநாத் கோஷ் அதைத் தரையில் உட்கார்ந்து ஒரு கையால் துருத்தி போட்டு வாசிக்கும் பெட்டியாக மாற்றினார். இரண்டுக்கும் உயிர் ஒன்றே: தோலுக்குள் அடைபட்ட காற்று. அட்லாண்டிக் சிட்டியில் நாற்காலி அதிர்ந்தபோது எனக்கு ஞாபகம் வந்தது நம் துருத்தியின் அந்த உஸ் என்ற சத்தம். பக்கத்தில் மகள் "என்னம்மா, கண்ணு கலங்குது" என்றாள். ஏசி என்று சொல்லிவிட்டேன்.

ஆகவே மற்றவர்களைத் திட்டுகிற யோக்கியதை எனக்கு இருக்கிறதா என்று கேட்டால், பாதிதான் இருக்கிறது. அந்த அரங்கத்து வேலையாட்கள் குழலை மிதித்தது தெரியாமல். அவர்களுக்கு அது தகரம். நான் கையெழுத்துப் போட்டது தெரிந்தே. அவர்களை விட நான்தான் பெரிய குற்றவாளி. புயலில் கெட்டதைவிட, அலட்சியத்திலும் கூச்சத்திலும் கெட்டதுதான் உலகத்தில் அதிகம்.

பிலடெல்பியாவில் ஒரு பெரிய கடைக்குள் வானமேக்கர் ஆர்கன் என்று ஒன்று. 28,000க்கும் மேற்பட்ட குழல்கள். 1904 செயின்ட் லூயிஸ் கண்காட்சிக்குச் செய்து, 1911லிருந்து அந்தக் கடையில் ஒலித்தது. சேலை எடுக்கப் போகிற மாதிரி துணி வாங்கப் போனவர்கள் நின்று கேட்டார்கள். 2025 மார்ச்சில் அங்கிருந்த மேசிஸ் கடையை மூடிவிட்டார்கள். கடைசி நாட்களில் அதைக் கேட்க ஜனம் திரண்டு வந்ததாம். போகப்போகிறது என்றால் கூடுகிறோம். இருக்கும்போது கமெண்ட் போடுகிறோம்.

எல்லாப் பழசையும் காப்பாற்று என்று நான் சொல்லவில்லை. உடைந்த பெஞ்சு போகட்டும். வேறு கிடைக்கும். ஆனால் ஒரு பொருள் போனால் அதோடு ஒரு சத்தம், ஒரு கைத்தொழில், ஒரு பழக்கம் சேர்ந்து போகுமா என்று ஒரு கேள்வி கேளுங்கள். ஆமாம் என்றால் பட்டியலில் எழுதுவதற்கு முன் அதைப் பற்றித் தெரிந்த ஒரே ஒரு ஆளைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

உங்களில் கட்டட கான்ட்ராக்டர்கள் ஆறு பேராவது இருக்கிறீர்கள். பழைய கட்டடத்தில் வேலை எடுத்தால், உள்ளே என்ன இருக்கிறது என்று முதலில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எதை மூடி வைக்க வேண்டும், எதன்மேல் கால் வைக்கக் கூடாது என்று வேலையாட்களுக்குச் சொல்லுங்கள். ஒரு தார்ப்பாய்க்கு எவ்வளவு ஆகும்? ஆசிரியர்களாக இருக்கிற பிள்ளைகளே, காசில்லை என்று மேலிடம் சொல்லட்டும். அவர்களுக்குப் பதிலாக நீங்களே சொல்லிக்கொள்ளாதீர்கள். கேட்டு மறுக்கப்பட்டால் குற்றம் நம்முடையது இல்லை. நான் கேட்கவே இல்லை.

முதல் கமெண்ட் போட்ட குறும்புக்காரனுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். கேசினோவுக்குள் போகவில்லையப்பா. 20 டாலரை அந்தப் பெட்டியில்தான் போட்டேன். ஜெயித்தேனா தோற்றேனா என்று பேத்தியைக் கேள்.

அடுத்த மாதம் ஊருக்கு வருகிறேன். பக்கத்து ஊர் நடுநிலைப் பள்ளியில் வேலை பார்க்கிற என் பழைய மாணவி ஒருத்தி நேற்று போனில் சொன்னாள். அங்கே அலமாரி மேல் ஓர் ஆர்மோனியம் துணி சுற்றிக் கிடக்கிறதாம், துருத்தி கிழிந்து. "பட்டியல்ல சேர்க்கச் சொல்றாங்க டீச்சர், என்ன பண்ண?" என்று கேட்டாள். சேர்க்காதே, நான் வருகிறவரை பொறு என்று சொல்லியிருக்கிறேன். செலவு என்னுடையது. நம் பக்கத்தில் ஆர்மோனியம் ரிப்பேர் செய்கிறவர் யாராவது இன்னும் இருந்தால் விவரத்தை எனக்குத் தனியாக மெசேஜில் அனுப்புங்கள். டவுனில் இருந்த பழையவர் தவறிவிட்டார். அவர் மகன் செல்போன் கடை வைத்திருக்கிறான். தோல் வேலை தெரியுமா என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்